வாசகர் கேள்வி பதில்: தாழ்ந்து செல்லும் கார்களும் அவை உலா வந்த வீதிகளும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், வீதிகளில் கார்கள் மெதுவாக உலா வருவதைத் தடை செய்யும் அதிகாரம் நகர நிர்வாகங்களிடமிருந்து 2024 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்ட செய்தியைச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்கள் மிகுதி என்பதால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

வேகமாகப் போனால் அபராதம் போடுவார்கள், தெரியும். மெதுவாகப் போனதற்குத் தடை என்பதை உங்கள் குறிப்பில்தான் முதன்முதலாகப் படித்தேன். இவை என்ன கார்கள்? யாருடைய பழக்கம் இது? ஏன் தடுத்தார்கள்?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

இந்தக் கார்களை லோரைடர் என்று அழைக்கிறார்கள். பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி, அதன் உடலைத் தரையை உரசுமளவுக்குத் தாழ்த்தி, சிறிய கம்பிச் சக்கரங்கள் பூட்டி, அடுக்கடுக்காக வண்ணம் ஏற்றி, உள்ளே வெல்வெட் இருக்கைகள் தைத்து, வார இறுதி மாலைகளில் ஊரின் முக்கிய வீதியில் நடைவேகத்தில் ஓட்டிச் செல்வதே பழக்கம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், தெற்குக் கலிஃபோர்னியாவிலும் தென்மேற்கு மாநிலங்களிலும் வாழ்ந்த மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களிடையே இது வளர்ந்தது. அதே காலத்தில் பரவியிருந்த ஹாட் ராட் மோகம், எஞ்சினின் திறனைக் கூட்டிக் காரை மேலும் மேலும் வேகமாக ஓட வைப்பதையே குறியாகக் கொண்டிருந்தது. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் இளைஞர்கள் அதற்கு நேர்மாறான திசையில் போனார்கள். டிக்கியில் மணல் மூட்டையோ சிமென்ட் மூட்டையோ ஏற்றியும், காயில் ஸ்பிரிங்கின் சுற்றுகளை வெட்டியும் காரைத் தாழ்த்தினார்கள். தாழ்த்திய காரை ஊரே பார்க்கும்படி நிதானமாக ஓட்டினார்கள்.

அவர்கள் உலா வந்த வீதிகளில் பெயர்பெற்றது கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் விட்டியர் புல்வார்ட். சனி, ஞாயிறு இரவுகளில் இந்தச் சாலையின் இருபுறமும் குடும்பங்கள் நின்று பார்க்க, கார்கள் ஒரு முனைவரை சென்று, திரும்பி, மீண்டும் வரும். உணவு விடுதிகளும் பூங்காக்களும் தங்களை வரவேற்காத காலத்தைக் கண்ட ஒரு சமூகத்துக்கு, காசில்லாமல் கூடிப் பேசவும், தன் கைத்திறனைத் தலைநிமிர்ந்து காட்டவும் கிடைத்த பொது இடம் அந்த வீதி. வியட்நாம் போரை எதிர்த்து 1970 ஆகஸ்ட் 29 அன்று மெக்சிகோ வம்சாவளியினர் திரண்ட பேரணி கலைக்கப்பட்டதும், பத்திரிகையாளர் ரூபன் சலசார் ஷெரிஃப் துறையினர் வீசிய கண்ணீர்ப் புகைக் குண்டு பட்டு இறந்ததும் இதே வீதியை ஒட்டித்தான். ஆகவே அங்கே காரை ஓட்டிச் செல்வதை வெறும் பொழுதுபோக்காக மட்டும் அந்த மக்கள் பார்க்கவில்லை. காவல் துறையும் அப்படிப் பார்க்கவில்லை.

1980களில் தடைகள் சட்ட வடிவம் பெற்றன. நகரங்கள் உலாவைத் தடை செய்துகொள்ள மாநில வாகனச் சட்டமே இடம் கொடுத்தது. நெரிசலான சாலையில் காவலர் ஒரு சோதனை இடத்தைக் குறிப்பார்; ஒரு கார் அந்த இடத்தைக் கடந்ததும் எழுத்துமூலம் எச்சரிக்கை தருவார்; குறித்த நேரத்துக்குள் அதே கார் மறுபடியும் அந்த இடத்தைக் கடந்தால் அது குற்றம். வேகம், மது, சிவப்பு விளக்கு எதுவும் இதில் கணக்கில்லை. ஒரே தெருவில் திரும்பத் திரும்பச் செல்வதுதான் குற்றமாக வரையறுக்கப்பட்டது.

பொத்தானை அழுத்தியதும் கார் எழும்புவதையும், ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதையும் வீடியோவில் பார்த்திருக்கிறேன். பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் கேட்கிறேன்: உள்ளே என்ன பொருத்துகிறார்கள்?
— ஒரு வாசகர், ஓசூர்

உங்கள் கேள்விக்கான பதிலும் ஒரு சட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஒரு காரின் ஏதாவது ஒரு பாகம், சக்கர ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி மாற்றப்பட்டிருந்தால் அதைச் சாலையில் ஓட்டக் கூடாது என்ற விதியைக் கலிஃபோர்னியா 1950களின் பிற்பகுதியில் கொண்டுவந்தது. வாகனச் சட்டத்தின் 24008ஆம் பிரிவு அது. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய கார் நிரந்தரமாகத் தாழ்ந்தே இருக்கும் என்பதால் அதன் உரிமையாளர் வகையாக மாட்டிக்கொள்வார். ரான் அகிரே என்ற இளைஞர் அந்தப் பத்தாண்டின் முடிவில், தம் கார்வெட் காரில் விமான உதிரிபாகங்களிலிருந்து எடுத்த, எண்ணெய் அழுத்தத்தால் பாகங்களை அசைக்கும் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தி, வேண்டும்போது தாழவும் காவலர் வரும்போது சட்டப்படியான உயரத்துக்கு எழவும் செய்தார். 'எக்ஸ்-சோனிக்' என்று பெயர் பெற்ற அந்தக் கார்தான் இன்றைய ஹைட்ராலிக் லோரைடர்களுக்கு முன்னோடி. போர்க் காலத்தில் விமானங்களின் இறக்கை மடிப்புகளையும் சக்கரங்களையும் இயக்கப் பயன்பட்ட பம்புகளும் வால்வுகளும் அப்போது கழிவுச் சரக்காக மலிவு விலைக்குக் கிடைத்தன.

அமைப்பு நீங்கள் பட்டறையில் அன்றாடம் பார்க்கும் லிஃப்ட்டின் தத்துவமேதான். டிக்கியில் மின் மோட்டாரால் இயங்கும் பம்ப் ஒன்றோ பலவோ, எண்ணெய்த் தொட்டி, வரிசையாக பேட்டரிகள். ஒவ்வொரு சக்கரத்தின் காயில் ஸ்பிரிங்கோடும் சேர்ந்து நிற்கும் ஒரு சிலிண்டர். அவற்றை இணைக்கும் உயர் அழுத்தக் குழாய்கள். ஓட்டுநரின் கைக்கெட்டும் சுவிட்சைத் தட்டினால் சொலினாய்டு என்ற மின்காந்தச் சுவிட்ச் மோட்டாருக்கு மின்சாரம் விடும், பம்ப் எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளும், பிஸ்டன் நீண்டு அந்த மூலை எழும். சுவிட்சை எதிர்ப்பக்கம் தட்டினால் வால்வு திறந்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். காரின் எடையே அதைக் கீழே இறக்கிவிடும். எழும்பிக் குதிக்கும் போட்டிக் கார்களில் பேட்டரிகளைத் தொடராக இணைத்து மின்னழுத்தத்தைப் பன்மடங்காக்குகிறார்கள். 12 வோல்ட் பேட்டரிகள் ஆறு சேர்ந்தால் 72 வோல்ட். அந்த வேகத்தில் தள்ளப்படும் எண்ணெய் முன்பக்கத்தை உயரத் தூக்கியெறிகிறது. ஒரு பக்கப் பின்மூலையை முழுவதும் இறக்கி, மறுபக்கத்தை முழுவதும் ஏற்றிவிட்டு வளைவில் திரும்பினால், எதிர்மூலையின் முன்சக்கரம் தரையை விட்டு எழுந்து நிற்கும். நீங்கள் பார்த்த மூன்று சக்கர ஓட்டம் அதுவே.

ஆனால் சுவிட்சும் பம்பும் பொருத்துவது வேலையின் சிறு பகுதி. இத்தனை உதைப்பையும் தாங்க வேண்டியது காரின் அடிச்சட்டகமான சேஸிஸ். அதனால் சேஸிஸை முழுவதும் கழற்றி, விரிசல் விடக்கூடிய இணைப்புகளில் எல்லாம் கூடுதல் எஃகுத் தகடு வைத்து வெல்டிங் செய்கிறார்கள்; அந்த வெல்டிங்கையும் தேய்த்து மழமழப்பாக்கி, வண்ணம் பூசி, சிலர் அடிப்பாகங்களுக்குக் குரோம் முலாமும் கொடுக்கிறார்கள். 1958 முதல் 1964 வரை வந்த ஷெவர்லே இம்பாலா கார்களின் சேஸிஸ் ஆங்கில எக்ஸ் எழுத்தைப் போல நடுவில் குறுகியிருக்கும். நீண்டு அகன்ற உடலும், தட்டையான பக்கவாட்டுத் தகடுகளும் வண்ணக்காரருக்குத் தோதானவை. லோரைடர் உலகில் அந்த ஆண்டுகளின் இம்பாலாவுக்கு இருக்கும் மதிப்பு வேறெந்தக் காருக்கும் கிடையாது. அங்கே அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு என்று ஆண்டை மட்டும் சொன்னால் போதும், எந்தக் கார் என்று எல்லோருக்கும் விளங்கிவிடும்.

ஓவிய ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். ஒரு காருக்கு அருங்காட்சியக மரியாதை கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதன் வண்ண வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?
— ஒரு வாசகி, மதுரை

'ஜிப்சி ரோஸ்' என்ற பெயருடைய 1964ஆம் ஆண்டு இம்பாலாவைத்தான் அந்தக் குறிப்பில் சொல்லியிருந்தோம். இம்பீரியல்ஸ் என்ற கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் கார் சங்கத்தின் தலைவராக இருந்த ஜெஸ்ஸி வலடெஸ் அதன் உரிமையாளர். வண்ணம் தீட்டியவர் வால்ட் ப்ரே. இளஞ்சிவப்புப் பரப்பின் மீது, பானெட்டிலிருந்து பின்விளக்கு வரை, கூரையிலும் பக்கவாட்டிலும், நூற்றுக்கும் மேற்பட்ட ரோஜாக்களைக் கையால் வரைந்திருக்கிறார்கள். 1970களில் 'சிகோ அண்ட் த மேன்' என்ற தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சியில் இது இடம்பெற்றதால், அமெரிக்காவின் மறுகோடியில் இருந்தவர்களும் லோரைடர் என்றால் என்ன என்று அறிந்துகொண்டார்கள். 2017இல் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டு, வாஷிங்டன் நகரின் நேஷனல் மால் திடலில், கண்ணாடிப் பேழைக்குள் இரவு பகலாக விளக்கொளியில் இது வைக்கப்பட்டது. வலடெஸ் 2011இல் காலமாகிவிட்டார். அந்த நாளை அவர் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

இந்த வகை வண்ணத்தைக் கேண்டி பெயின்ட் என்கிறார்கள். முதலில் டிங்கரிங், பிறகு பட்டி பார்த்துத் தேய்த்தல் எல்லாம் நம் ஊர்ப் பட்டறையில் நடப்பது போலத்தான். அதன்மேல் வெள்ளி அல்லது பொன்னிற உலோகத் துகள் கலந்த அடிப்பூச்சு வரும். அதற்கு மேல் பூசப்படும் சிவப்போ நீலமோ ஒளிபுகும் தன்மை கொண்டது. ஒரு பூச்சில் நிறம் மெலிதாகத்தான் தெரியும். பூச்சுக்குப் பூச்சு நிறம் ஆழமாகிக்கொண்டே போகும் என்பதால், ஓரிடத்தில் வண்ணம் தெளிக்கும் துப்பாக்கி ஒரு கணம் கூடுதலாக நின்றுவிட்டாலும் அங்கே திட்டாகக் கருத்துவிடும். திருத்த வழியில்லை, அந்தத் தகட்டை முதலிலிருந்து செய்ய வேண்டும். கடைசியில் நிறமற்ற மேற்பூச்சைப் பலமுறை ஏற்றி, ஒவ்வொரு முறையும் நீர்த்தாளால் தேய்த்து மெருகேற்றுவார்கள். வெயில் பட்டதும் ஒளி மேலடுக்குகளுக்குள் புகுந்து, அடியிலிருக்கும் உலோகத் துகளில் பட்டுத் திரும்புவதால்தான், நிறம் பரப்பின் மீது இல்லாமல் உள்ளே எங்கோ மிதப்பது போலத் தெரிகிறது.

வண்ணத்தோடு வேலை முடிவதில்லை. லேஸ் துணியைத் தகட்டின் மீது விரித்து அதன் கண்ணிகள் வழியாகத் தெளித்து எடுக்கும் பின்னல் கோலங்கள், அணில் முடித் தூரிகையால் ஒரே மூச்சில் இழுக்கும் மெல்லிய கோடுகள், தங்கத்தாள் ஒட்டுவேலை, மெக்சிகோ மக்கள் போற்றும் மரியன்னையான குவாதலூப்பே அன்னையின் உருவம், இறந்துபோன தாத்தாவின் முகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கலைஞர்கள் இருக்கிறார்கள். உங்கள் மாணவர்களுக்குக் காட்டப் படங்கள் தேடுவீர்களானால், முழுக் காரின் படத்தைவிட, கதவின் ஒரு சாண் பரப்பை அருகிலிருந்து எடுத்த படங்களைத் தேடுங்கள். கைவேலையின் நுணுக்கம் அங்கேதான் புலப்படும்.

எல்லாம் லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருநகரக் கதையாக இருக்கிறதே. சிறிய ஊர் எதற்காவது இதில் பங்கு உண்டா?
— ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி

நியூ மெக்சிகோ மாநிலத்தின் எஸ்பான்யோலா என்ற ஊரைச் சொல்ல வேண்டும். சான்டா ஃபே நகருக்கு வடக்கே, ஏறத்தாழ 10,000 பேர் வாழும் சிற்றூர் அது. தன்னை உலகத்தின் லோரைடர் தலைநகர் என்று அழைத்துக்கொள்கிறது. அருகிலிருக்கும் சிமாயோ கிராமத்தில் மண்சுவர்களால் ஆன பழைய தேவாலயம் ஒன்று உள்ளது. புனித வெள்ளியன்று ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலை வழியாகப் பாதயாத்திரையாக அங்கே வருவார்கள். அதே நாளில் எஸ்பான்யோலாவின் பிரதான சாலையில் லோரைடர்கள் அணிவகுப்பார்கள். பக்தியையும் காரையும் அந்த ஊர் மக்கள் வேறுவேறாக வைத்துப் பார்ப்பதில்லை. சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவம் பானெட்டில் வரையப்பட்ட கார்களை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்.

அந்தச் சிமாயோவைச் சேர்ந்த டேவிட் ஹராமியோ என்பவர் 1969ஆம் ஆண்டு ஃபோர்டு எல்டிடி கார் ஒன்றை லோரைடராக மாற்றத் தொடங்கினார். வேலை முடியுமுன் 1978இல் சாலை விபத்தில் இறந்துவிட்டார். அவருடைய மனைவியும் உறவினர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அதை முடித்தார்கள். அவர், அவருடைய மனைவி, மகன் மூவரின் உருவமும் அந்தக் காரிலேயே தீட்டப்பட்டன. 'டேவ்ஸ் ட்ரீம்' என்ற அந்தக் கார் இன்று வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சொத்து. ஒரு கிராமத்துக் குடும்பம் தன் துக்கத்தை இப்படி முடித்துவைத்ததையும், நாட்டின் முதன்மையான அருங்காட்சியகம் அதைப் பெற்றுக்கொண்டதையும், இந்த வரலாற்றில் மிக உயர்ந்த மரியாதையாக நான் கருதுகிறேன்.

கூட்டமாகக் கார் ஓட்டி ஊரை மறிப்பவர்களை இப்படிப் புகழலாமா? ரவுடிக் கும்பல்களின் பழக்கம் என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறேன்?
— ஒரு வாசகர், சேலம்

குடியிருப்பவர்களின் புகார்களை நான் தள்ளிவிட மாட்டேன். நூற்றுக்கணக்கான கார்கள் ஒரே சாலையில் நிறைந்தால் ஆம்புலன்ஸ் போக வழி இருக்காது. கடைக்காரர்களின் வியாபாரம் கெடும். நள்ளிரவில் பாட்டுச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். கூட்டம் கூடும் இடத்தில் கைகலப்பும் நடந்ததுண்டு. இவை அனைத்துக்கும் தனித்தனியே சட்டங்கள் ஏற்கெனவே இருந்தன. சாலையை மறித்தால் வழக்கு, சத்தம் போட்டால் வழக்கு, அடித்தால் வழக்கு. அவற்றை விட்டுவிட்டு, தாழ்ந்த காரில் ஒரு மெக்சிகோ வம்சாவளி இளைஞர் இரண்டாம் முறை வந்தாலே நிறுத்தலாம் என்று செய்தது தவறு என்பதே என் கருத்து.

கும்பல் என்ற குற்றச்சாட்டைப் பொறுத்தவரை, கார் சங்கங்கள் இயங்கும் விதம் அதற்கு எதிரான சாட்சி. லாஸ் ஏஞ்சலஸின் ட்யூக்ஸ் சங்கம் 1960களில் ருவேலஸ் சகோதரர்களால் தொடங்கப்பட்டது. இத்தகைய சங்கங்களில் உறுப்பினராக, காரின் தரத்தோடு நடத்தையும் பார்க்கப்படும். சங்கத்தின் பெயர் பொறித்த உலோகப் பலகையைப் பின்கண்ணாடியில் வைக்கும் உரிமை எளிதில் கிடைக்காது, ஒழுக்கம் தவறினால் பறிபோகும். இறுதிச் சடங்குக்கு நிதி, பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவி, பண்டிகைக்கு விளையாட்டுப் பொருள் என்று அவர்கள் திரட்டிய பணம் ஏராளம். ஆண்டுக்கணக்கில் மாலைகளையெல்லாம் பட்டறையில் செலவிட்டு, பெரும்பணத்தைக் கொட்டிச் செய்த காரை எவரும் சண்டை நடக்கும் தெருவுக்கு ஓட்டி வரமாட்டார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். தந்தை செய்த காரை மகள் ஓட்டுவதும், பெண்களே நடத்தும் சங்கங்களும் இன்று பெருகியிருக்கின்றன.

தடை நீங்கியதுகூடத் தானாக நடந்துவிடவில்லை. சான் டியேகோவை அடுத்த நேஷனல் சிட்டி 1992இல் தன் ஹைலேண்ட் அவென்யூவில் உலாவைத் தடை செய்திருந்தது. யுனைடெட் லோரைடர் கோயலிஷன் என்ற கூட்டமைப்பினர் நகர மன்றக் கூட்டங்களுக்குத் தொடர்ந்து சென்று பேசினார்கள். 2022இல் சோதனை முறையில் உலாக்கள் நடத்திக் காட்டினார்கள். 2023இல் நகர மன்றம் தடையை நீக்கியது. சான் ஹோசேயும் சாக்ரமென்டோவும் 2022இலேயே நீக்கியிருந்தன. அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றம், தடைகளைக் கைவிடும்படி நகரங்களைக் கேட்டுக்கொண்டு தீர்மானம் போட்டது. தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது என்பதால், அடுத்த ஆண்டில் டேவிட் ஆல்வரெஸ் என்ற உறுப்பினர் கொண்டுவந்த ஏபி 436 மசோதா நிறைவேறி, ஆளுநர் கையொப்பமிட்டுச் சட்டமானது. உலாவைத் தடுக்கும் அதிகாரத்தோடு, ஓசூர் வாசகருக்கான பதிலில் சொன்ன 24008ஆம் பிரிவையும் அது நீக்கிவிட்டது. காரைத் தாழ்த்தியதே குற்றம் என்ற விதி ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் நீடித்திருக்கிறது.

அப்பா விட்டுச்சென்ற ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் எங்களிடம் இருக்கிறது. அதை இப்படித் தாழ்த்தி வண்ணம் பூசலாமா?
— ஒரு வாசகர், சென்னை

தாழ்த்த வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. நிறத்தை மாற்றுவதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுச் சான்றிதழில் திருத்தம் பெற வேண்டும். 50 ஆண்டு கடந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிய 2021இல் தனி விதிகள் வந்துள்ளன. அவற்றின்படி சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. நம் சட்டம் மதிப்பது மாற்றப்படாத காரை. சென்னையை அடுத்த வண்டலூர்த் தொழிற்சாலையில் உருவான ஹெரால்ட், இந்த நகரத்தின் தொழில் வரலாற்றில் ஒரு பக்கம். அதை அப்பா ஓட்டிய நிலையிலேயே சீர்செய்து வைப்பது இந்த வரலாற்றுக்கு நீங்கள் செய்யும் பெரிய உபகாரம்.

ஓர் ஊர் தன் கார்க் கலைஞர்களைக் கௌரவிக்க வேண்டுமென்றால் எப்படிச் செய்வது முறை? அருங்காட்சியகமா, விழாவா?
— ஒரு வாசகர், ஈரோடு

கலிஃபோர்னியாவின் நடுப்பகுதியிலுள்ள மொடெஸ்டோ நகரின் உதாரணம் இங்கே பொருந்தும். இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பிறந்து வளர்ந்த ஊர் அது. அங்கே தம் பதின்பருவத்தில் கண்ட இரவு உலாக்களை நினைவில் வைத்துத்தான் அவர் 1973இல் 'அமெரிக்கன் கிராஃபிட்டி' படத்தை எடுத்தார். படத்தால் ஊர் புகழடைந்து, கூட்டம் கட்டுக்கடங்காமல் போனபோது, 1990களில் அந்த ஊரும் உலாவை நிறுத்தியது. ஆனால் நினைவை நிறுத்தவில்லை. ஜூன் மாதம் முழுவதும் கார் அணிவகுப்புகளும் கண்காட்சிகளும் நடத்துகிறது. ஊரின் உலா மரபுக்குத் தொண்டு செய்தவர்களின் பெயர்களை நகர மையத்தின் நடைபாதையில் பதித்து வருகிறது.

உள்ளூர்க்காரர்களின் பெயர்கள், அதுவும் அவர்கள் ஓட்டிய வீதியிலேயே பதிக்கப்படுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இயக்குநரின் பெயரை உலகம் எப்படியும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஜீன் வின்ஃபீல்டை எத்தனை பேர் அறிவார்கள்? மொடெஸ்டோவில் வளர்ந்து, அங்கேயே பட்டறை போட்டு, ஒரு நிறம் இன்னொரு நிறத்தில் விளிம்பு தெரியாமல் கரைந்து போகும் பூச்சு முறையைத் தம் கையெழுத்தாக்கிக்கொண்டவர் அவர். 'ஜேட் ஐடல்' என்ற மெர்குரி கார் அவருடைய புகழ்பெற்ற படைப்பு. பின்னாளில் ஹாலிவுட் படங்களுக்கும் வாகனங்கள் செய்து கொடுத்தார். 2025இல், 97ஆம் வயதில் மறையும் காலம் வரையிலும் இளைஞர்களுக்குத் தகடு வெட்டவும் வெல்டிங் செய்யவும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே என் பதில்: கண்காட்சியும் வேண்டும், விருதும் வேண்டும், ஆனால் விருதுப் பலகையில் காரின் உரிமையாளர் பெயரோடு வண்ணம் தீட்டியவர், வெல்டிங் செய்தவர், இருக்கை தைத்தவர், குரோம் முலாம் பூசியவர் ஆகியோரின் பெயர்களும் இருக்க வேண்டும். கூடவே, கயிறு கட்டிய மேடையில் நிற்கும் கார் அதன் பாதி வாழ்க்கையைத்தான் வாழ்கிறது என்பதால், ஆண்டில் சில இரவுகளுக்காவது போக்குவரத்தைத் திருப்பிவிட்டு, அந்த வீதியை அவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். நேஷனல் சிட்டிக்காரர்கள் சிலையோ பட்டயமோ கேட்கவில்லை, ஹைலேண்ட் அவென்யூவைத்தான் கேட்டார்கள்.

மகள் சான் ஹோசேயில் வேலை பார்க்கிறாள். அடுத்த ஆண்டு போகவிருக்கிறேன். இதை நேரில் பார்க்க முடியுமா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

நீங்கள் சரியான ஊருக்குத்தான் போகிறீர்கள் அம்மா. லோரைடர் உலகத்துக்கே குரலாக இருந்த 'லோரைடர்' இதழ் 1977இல் அந்த ஊரில்தான் தொடங்கப்பட்டது. நகரின் கிழக்குப் பகுதியில் ஸ்டோரி சாலையும் கிங் சாலையும் சந்திக்கும் முனை பழைய உலாக்களின் மையம். அங்கே எப்போது உலா என்பதை உங்கள் மகள் உள்ளூர்ச் செய்திகளில் பார்த்துச் சொல்லிவிடுவார். ஏப்ரலில் சென்றால், சான் டியேகோவில் பாலத்தின் அடியில் சுவரோவியங்கள் நிறைந்த, மெக்சிகோ வம்சாவளியினரைக் குறிக்கும் பெயர் கொண்ட சிகானோ பூங்காவின் ஆண்டு விழாவில் நூற்றுக்கணக்கான கார்களை ஒருசேரப் பார்க்கலாம். ஜூன் மாதமானால் மொடெஸ்டோ, சான் ஹோசேயிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் அடங்கும். பகலில் போனால் வண்ணத்தை நன்றாகப் பார்க்கலாம். உலா சூடுபிடிப்பது மாலையில்.

காரைத் தொடாதீர்கள், மோதிரமோ வளையலோ பட்டால் மேற்பூச்சில் விழும் கீறல் எளிதில் போகாது. படம் எடுக்குமுன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். வண்ணம் யார் கைவேலை என்று விசாரியுங்கள். அதைக் கேட்டால் அவர் பானெட்டையும் டிக்கியையும் திறந்து காட்டி, சுவிட்சைத் தட்டிக் காரை எழுப்பியும் காட்டுவார்.